எல்லாம் நிறைஞ்சிருக்கு

சிட்லபாக்கம்,
14.5.2006

சௌபாக்கியவதி சாமுண்டீஸ்வரிக்கு, உன் வீட்டுக்காரன் அரிகிருஷ்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இவ்விடம் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அந்த முறையை இன்றைக்கு ஓரமாக வைத்துவிட்டேன். எனக்கு உன் மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. அடுப்பில் பாலை வைத்ததே மறந்துபோகிற அளவுக்குக் கோபம். காலையில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து, துடைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். அந்தப் பாலும் உன் கணக்கில்தான் சேரும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எங்கே பேச விடுகிறீர்கள்? நம் மகள் தேன்மொழி உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் ஹலோ என்றால் டல்லாஸில் உங்கள் ஹால் முழுக்க என் குரல் கேட்கிறது. மாப்பிள்ளை ஹரிபிரசாத் 'சொல்லுங்க மாமா' என்கிறார். பேத்தி ஓவியா வீறிட்டு அழுகிறாள். நீ எங்கேயோ தூரத்திலிருந்து 'சாப்பிட்டீங்களா' என்கிறாய். அதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியோடு சண்டை போட ஒரு தனி இடம் வேண்டாமா? நல்ல வேளை, பக்கத்து வீட்டு அக்தர் பேகத்தின் மகன் இர்ஃபான் கம்பெனி வேலையாக உங்கள் ஊருக்கே வருகிறான். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், தேன்மொழி கேட்டால்கூடத் தரக் கூடாது என்று சொல்லித்தான் அவனிடம் இதைக் கொடுக்கிறேன். கூட ஒரு பொட்டலமும் வரும். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் மார்க்கெட் விஷயம். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து நீ எப்படித் திரும்பி வருவாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பையை வாசலிலேயே பொத்தென்று போடுவாய். 'அப்பாடா, உயிரே போயிடுச்சு, யாரால முடியும் அந்தக் கூட்டத்துல' என்று ஃபேனுக்குக் கீழே சாய்வாய். நானும் பாவம், வெயிலில் அலைந்துவிட்டு வருகிறாளே என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். நீ அமெரிக்கா போன பிறகு அதே பையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். காய்கறி விற்கிற தனம் என்னைப் பார்த்ததும், 'இன்னா சார், அம்மா எப்ப வருது? அது இல்லாம எனக்குப் பொழுதே போவ மாட்டேங்குது' என்றாள். நான் யார் என்று உனக்கு எப்படியம்மா தெரியும் என்று கேட்டேன். 'தெரியாம இன்னா? அம்மா பையைத்தான தூக்கிகினு வந்துகீற. பாத்ரூம்ல பாட்டு பாடிகினே டேங்க்கு தண்ணி மொத்தமும் காலி பண்ற சார் நீதான?' என்கிறாள். பக்கத்து வெங்காயக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குப் புடலங்காய் பிடிக்காது, தூங்கும்போது குறட்டை விடுவேன், பல்லிக்குப் பயப்படுவேன், எல்லாம் அந்த வரிசைக்கே தெரிந்திருக்கிறது. என் மானத்தைக் கிலோ கணக்கில் நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய், சாமுண்டி.

அதோடு நின்றதா? 'உக்காரு சார், அம்மா இங்கதான் குந்தும்' என்று ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டாள். இஞ்சி டீ வந்தது, மசால்வடை வந்தது. காய் வாங்குகிற நாளெல்லாம் நீ அந்தச் சாக்கில் உட்கார்ந்து டீ குடித்து, ஊர்க்கதை பேசி, கீரைக்கட்டில் நல்ல கட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலையைச் சும்மா வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக இருந்துவிட்டு வந்திருக்கிறாய். இதுவா உயிர் போகிற வேலை? இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை நான் அதே சாக்கில் உட்காருகிறேன். டீ நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரமே.

மாவு மில்லை எடுத்துக்கொள். 'மில்லுக்குப் போகணும்னு நினைச்சாலே தலை வலிக்குது' என்பாய். நான் நம்பினேன். கோதுமையை வெயிலில் காயவைத்து, டின்னில் போட்டு, வண்டியில் வைத்து ராஜகீழ்ப்பாக்கம் மில்லுக்குப் போனேன். முதல் தடவை எனக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பார்க்காமல் டின்னை நீட்டிவிட்டேன். யாரோ கேழ்வரகு அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க நான் சாப்பிட்ட சப்பாத்தி செம்மண் நிறத்தில் இருந்தது. அடுத்த தடவை உஷாராக, கோதுமை கொண்டுவந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அரைத்து முடித்து டின்னைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். டின் சுடச்சுட இருந்தது, வழியெல்லாம் அந்த வாசனை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து கையை மணிக்கட்டு வரை மாவுக்குள் விட்டேன். அப்படியே நின்றுகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கிண்டியில் ஸ்டோர்ஸ் ரூமில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கிரீஸ் வாசனை பிடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் நீ இங்கே இந்தச் சுகத்தை அனுபவித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் வாயைத் திறந்து சொன்னாயா?

வடகமும் போட்டேன். ஆமாம், நானேதான். சித்திரை வெயிலை வீணாக்குவானேன் என்று அக்தர் பேகம்தான் தூண்டிவிட்டாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, 'இன்னும் கிண்டுங்கண்ணா, கூழ் தண்ணியா இருக்கு, கையை எடுக்காதீங்க' என்று அதிகாரம் பண்ணினாள். மொட்டை மாடியில் என் பழைய வேட்டியை விரித்து முறுக்கு அச்சில் பிழிந்தேன். முதல் வரிசை மண்புழு மாதிரி வந்தது. போகப் போகக் கை பழகிவிட்டது. அப்புறம் காக்காய்களுக்குக் காவல். கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் ஏரி தெரிகிறது. இந்த வீட்டைக் கட்டியவன் நான். என் மாடியிலிருந்து ஏரி தெரிகிறது என்று எனக்கே இப்போதுதான் தெரியும். உனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, துணி உலர்த்துகிற கொடியை அந்தப் பக்கம் பார்த்துத்தானே கட்டியிருக்கிறாய்!

இனிமேல் சொல்லப் போவதுதான் விஷயம். கவனமாகப் படி.

போன மாதம் ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது உப்பு ஜாடியைத் திறந்தால் காலி. மதில் சுவரில் எட்டிப் பார்த்து, 'அக்தர், உப்பு தீர்ந்துபோச்சும்மா' என்று குரல் கொடுத்தேன். அவள் பதறிப்போனாள். 'ஐயையோ அண்ணா, நல்லா இருக்கிற வீட்ல நின்னுகிட்டு தீர்ந்துபோச்சு, இல்லைன்னு சொல்லலாமா? உப்பு நிறைஞ்சிருக்குன்னு சொல்லுங்க. அக்கா ஒரு நாள்கூட வாயால இல்லைன்னு சொன்னதில்லை. எனக்கே அக்காவைப் பார்த்துத்தான் பழக்கம்' என்றாள். உப்பைக்கூடக் கையில் தரவில்லை. கிண்ணத்தில் போட்டுச் சுவர் மேல் வைத்து நகர்த்தினாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஸ்டோர்ஸ் பார்த்தவன். நில் ஸ்டாக் என்றால் நில் ஸ்டாக்தான். காலிப் பெட்டிக்கு நேராக நிறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் ஆடிட்டில் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள். நீ 'அரிசி நிறைஞ்சிருக்கு, வரும்போது சொல்லிட்டு வாங்க' என்று சொல்வது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் என் வாயில் அது வந்ததே இல்லை. அன்றைக்கு வேண்டாவெறுப்பாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அடுத்த நாள் மளிகைக் கடையில் 'துவரம்பருப்பு நிறைஞ்சிருக்கு' என்றேன். அவர் மேலே கீழே பார்க்காமல் எவ்வளவு என்று கேட்டு நிறுத்துக் கொடுத்துவிட்டார். அப்புறம் பழகிவிட்டது. காலி டப்பாவைப் பார்த்து அப்படிச் சொல்லும்போது மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருக்கிறது. இந்த வீட்டில் பேச வேறு ஆளும் இல்லையே, டப்பாவோடுதான் பேசுகிறேன்.

அப்புறம்தான் தேன்மொழி போன் செய்தாள். அன்றைக்குப் பார்த்து அரிசி, பருப்பு, காபித்தூள், காஸ் எல்லாம் ஒரே நாளில் கையை விரித்திருந்தன. கரண்டும் இல்லை. ஹாலில் விசிறியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். 'அப்பா, வீட்ல எல்லாம் இருக்கா?' என்று கேட்டாள். நான் புதிதாகக் கற்றுக்கொண்ட பாஷையில், 'எல்லாம் நிறைஞ்சிருக்கும்மா. ஒண்ணு பாக்கி இல்லாம நிறைஞ்சிருக்கு' என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். 'சூப்பர்ப்பா! கலக்கறீங்க! அம்மாதான் சும்மா கவலைப்படறாங்க. அப்ப அம்மா இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கட்டும்பா. நான் வேலைக்குத் திரும்பணும்ல? மாசக் கடைசில விசாவை நீட்டிக்கப் போட்டுடறேன்' என்றாள். மாப்பிள்ளை 'ரொம்ப தேங்க்ஸ் மாமா' என்றார். யாரோ கைகூடத் தட்டினார்கள். கார்டு தீர்ந்துவிட்டது.

தேன்மொழியை நான் குற்றம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் வளர்ந்த பெண். காலி டப்பாவைப் பார்த்திருப்பாளே தவிர, அதற்கு என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் நீ? ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உன் வளையல் சத்தம் கேட்டது. இந்தத் தெருவுக்கே அந்த வார்த்தையைப் பழக்கிவிட்டவள் நீ. நான் ஒண்ணு பாக்கி இல்லாமல் நிறைஞ்சிருக்கு என்று சொன்னபோது உனக்குப் புரியவில்லையா? இல்லை, புரிந்தும் பேசாமல் இருந்தாயா? இதைக் கேட்கத்தான் கடிதம். மார்க்கெட், மில் எல்லாம் சும்மா.

'அம்மாவுக்கு இங்க ஃபுல் ரெஸ்ட்பா' என்கிறாள். ரெஸ்டாம் ரெஸ்ட்! கடைக்குச் சனிக்கிழமை காரில்தான் போக வேண்டும் என்கிறாய். தக்காளி பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது, தொட்டுப் பார்க்கக்கூட முடியாது என்கிறாய். ஒரு அப்பளம் பொரித்தால் புகை பட்டுக் கூரையிலிருந்து மணி அலறுகிறதாம், அதனால் அப்பளமே பொரிப்பதில்லையாம். எதிர் வீட்டில் இருப்பது யார் என்று இத்தனை நாளாகியும் தெரியாதாம். பேத்தியைக் குளிப்பாட்டுகிற நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது. இங்கே நீ என்னவெல்லாம் வைத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் ரெஸ்ட் என்று நானும் நம்பியிருப்பேன். சாக்கில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே என்னைப் பற்றிக் கோள் சொன்னவள் நீ. அங்கே யாரிடம் சொல்கிறாய்? கேட்க ஆள் இருக்கிறதா?

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கீழ்க்கட்டளைக்குப் போய்ச் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அபிதகுஜாம்பாள் அம்மாள் பாஸ்போர்ட் எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது. 'என்னை யாரும் கூப்பிடலையே சம்பந்தி, நானா எப்படிக் கேக்கறது' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற தாயைக் கூப்பிட மாப்பிள்ளைக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளையை நான் கோபித்துக்கொள்ள முடியாது, மரியாதை இருக்கிறது. ஆகையால் அந்தக் கோபத்தையும் உன் மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் வடகம் இருக்கிறது. மண்புழு வரிசையை நானே தின்றுவிட்டேன், நல்லதாகப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். உன் கனகாம்பரச் செடிக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன். பூக்கிறது, பறிக்க மனம் வராமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஓவியாவுக்குத் தாத்தாவின் முத்தம். நீ மாத்திரையை மறக்காதே. ஏ.சி. குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் அந்த அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வரி. இதற்கு அர்த்தம் தேன்மொழியிடம் கேட்காதே. வீடு நிறைஞ்சிருக்கு.

இப்படிக்கு, கோபம் இன்னும் தணியாத,
அரிகிருஷ்ணன்


டல்லாஸ்,
28.5.2006

அன்புள்ள தேன்மொழி அப்பாவுக்கு, சாமுண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இர்ஃபான் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தான். படித்தேன். கோபம் உங்களுக்கு மட்டும்தான் வருமா? என் சாக்கில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் மாவில் கையை விட்டுவிட்டு என்னையே திட்டி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மார்க்கெட்டிலிருந்து வந்து உயிர் போகுது என்று சொன்னதால்தானே சொம்பில் தண்ணீர் வந்தது? ஜாலியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீர் வந்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்குப் புரிந்தது. சொன்ன அந்த நிமிஷமே புரிந்தது. இவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் பேசவில்லை என்றால், ஆத்திரம். அரிசி நிறைஞ்சிருக்கு, பருப்பு நிறைஞ்சிருக்கு என்று ஊரெல்லாம் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு 'வா' என்று ஒரே ஒரு எழுத்து என்னிடம் சொல்ல வரவில்லையே என்று ஆத்திரம். சொல்லட்டும், அதுவரை நானும் பேசுவதில்லை என்று இருந்தேன். உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அந்த எழுத்து இல்லை. பரவாயில்லை, கடைசி வரியில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். இங்கேயும் எனக்கு, வந்த நாளிலிருந்து, நிறைஞ்சுதான் இருக்கிறது.

தேன்மொழியை உட்காரவைத்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். 'ஐயோம்மா, நான் என்ன பண்ணிட்டேன், அப்பாகிட்ட நான் சூப்பர்னு சொன்னேனேம்மா' என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். விசாவுக்கு அனுப்பவில்லை. ஊர் திரும்ப எடுத்த ஜூலை டிக்கெட் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை அன்றைக்கே கீழ்க்கட்டளைக்குப் போன் போட்டு அவர் அம்மாவைக் கூப்பிட்டார். பேத்தியை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று இப்போதே அவளை இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருக்கிறேன். அந்தக் கோபமும் உங்கள் மேல்தான்.

வடகத்தை நேற்றுப் பொரித்தேன். மணி அலறிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறித் துண்டை வீசிக்கொண்டு நின்றார். அலறட்டும் என்று மொத்தமும் பொரித்த பிறகுதான் அடுப்பை நிறுத்தினேன். உப்பு ஒரு கல் தூக்கல். இருந்தாலும் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு தின்றோம்.

தனத்திடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லி வைக்காதீர்கள். கனகாம்பரத்தைப் பறிக்காமல் விட்டால் செடி பூக்கிறதை நிறுத்திவிடும், பறித்து அக்தரிடம் கொடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பால் வைத்தால் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் நான் வருகிறவரை மில்லுக்குப் போகாதீர்கள். கோதுமையைக் காயவைத்து எடுத்து வையுங்கள், போதும். அந்தச் சூடு எனக்கு வேண்டும். அதுவரை மாவு டின் நிறைஞ்சே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சாமுண்டீஸ்வரி